ப்ரீமெட் பிள்ளைகளுக்கு முதலாண்டில் எந்த கெமிஸ்ட்ரி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்கக் கல்லூரிகளில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்குக் கோடை விடுமுறையில் ஓரியன்டேஷன் நடக்கும். பல இடங்களில் அங்கேயே உட்கார வைத்து முதல் செமஸ்டர் கோர்ஸ்களைப் பதிவு செய்யச் சொல்லிவிடுவார்கள். டாக்டராக வேண்டும் என்ற ஆசையோடு கேட்டலாக் என்ற பாடப் பட்டியலைத் திறக்கும் பிள்ளைக்கு கெமிஸ்ட்ரி என்ற பெயரிலேயே ஐந்தாறு கோர்ஸ்கள் கண்ணில் படும். வீட்டில் கேட்டால் அப்பா அம்மாவுக்கும் தெரியாது. பிளஸ் டூ மார்க், கவுன்சிலிங், எம்பிபிஎஸ் என்ற நேர்வழியைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். இங்கே நான்கு வருடம் கல்லூரி, அதன் பிறகுதான் நான்கு வருடம் மருத்துவம். அந்த மருத்துவத்தைக் குறிவைத்துக் கல்லூரிப் பாடங்களை எடுப்பவர்களைத்தான் ப்ரீமெட் என்கிறார்கள்.

என் கட்சியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எடுக்கும் கெமிஸ்ட்ரி கோர்ஸ், மருத்துவக் கல்லூரிகள் ஏற்கும் பாட வரிசையில் இருக்க வேண்டும். அந்த வரிசைக்குள், பிள்ளை புரிந்து படித்து ஏ வாங்கக்கூடியதாக இருக்க வேண்டும். இந்த இரண்டும் பொருந்தினால் அதுதான் சரியான கோர்ஸ். கோர்ஸின் பெயரில் கௌரவம் இருக்கிறதா என்பது எனக்கு முக்கியமில்லை.

ப்ரீமெட் என்பது ஒரு மேஜரா? கெமிஸ்ட்ரியை மேஜராக எடுத்தாக வேண்டுமா?

பெரும்பாலான கல்லூரிகளில் அப்படி ஒரு மேஜர், அதாவது டிகிரிக்கான முதன்மைப் பாடம், கிடையாது. எந்த மேஜர் எடுத்தாலும் மருத்துவக் கல்லூரி கேட்கும் பாடங்களை முடித்திருக்க வேண்டும், அவ்வளவுதான். வரலாறு படித்துவிட்டு டாக்டரானவர்கள் உண்டு, இசை படித்துவிட்டு ஆனவர்களும் உண்டு. கெமிஸ்ட்ரி பிடித்தால் மேஜராக எடுக்கட்டும். பிடிக்காமல், சேர்க்கைக்கு உதவும் என்று மட்டும் எடுக்க வேண்டாம்.

மொத்தம் எவ்வளவு கெமிஸ்ட்ரி படிக்க வேண்டும்?

வழக்கமான கணக்கு இது: ஒரு வருடம் ஜெனரல் கெமிஸ்ட்ரி லேபுடன், ஒரு வருடம் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி லேபுடன், ஒரு செமஸ்டர் பயோகெமிஸ்ட்ரி. சில மருத்துவக் கல்லூரிகள் இரண்டாவது ஆர்கானிக் செமஸ்டருக்குப் பதிலாக பயோகெமிஸ்ட்ரியை ஏற்கின்றன. சில கல்லூரிகள் பாடப் பட்டியலே வேண்டாம், திறன் இருந்தால் போதும் என்கின்றன. ஆனால் எம்கேட் என்ற மருத்துவக் கல்லூரி நுழைவுத் தேர்வு யாரையும் விடாது. அதில் வேதியியலும் இயற்பியலும் சேர்ந்த பகுதி 59 கேள்விகள், 95 நிமிடம். அந்தப் பகுதியில் சுமார் 30 சதவீதம் ஜெனரல் கெமிஸ்ட்ரி, 25 சதவீதம் பயோகெமிஸ்ட்ரி, 15 சதவீதம் ஆர்கானிக். ஆக, பாதிக்கு மேல் கெமிஸ்ட்ரிதான்.

வரிசையும் முக்கியம். முதலாண்டில் ஜெனரல், இரண்டாமாண்டில் ஆர்கானிக், மூன்றாமாண்டு தொடக்கத்தில் பயோகெமிஸ்ட்ரி, அதே ஆண்டு வசந்த காலத்தில் எம்கேட், ஜூனில் விண்ணப்பம். இடைவெளி விடாமல் போகிறவர்களின் பாதை இது. முதல் கோர்ஸைத் தவறாக எடுத்தால் பின்னால் வருவதெல்லாம் ஒவ்வொன்றாகத் தள்ளிப்போகும்.

கேட்டலாகில் இருக்கும் ஐந்தாறு கெமிஸ்ட்ரிக்கும் என்ன வேறுபாடு?

பெரும்பாலும் நான்கு வகை.

முதல் வகை, அறிவியல் மாணவர்களுக்கான இரண்டு செமஸ்டர் வரிசை. ப்ரீமெட் பிள்ளைகளில் பெரும்பாலோர் இருக்க வேண்டிய இடம் இதுதான். ஆஸ்டினில் உள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 301, 302 என்று வருவது இது. யூசிஎல்ஏ இதையே இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறது: உயிரியல் பக்கம் போகிறவர்களுக்கு 14 வரிசை, இயற்பியல், கெமிஸ்ட்ரி, இன்ஜினியரிங் பக்கம் போகிறவர்களுக்கு 20 வரிசை. எந்த வரிசை என்பதை மேஜர் முடிவு செய்துவிடும். 20 கொஞ்சம் கடினம், அதனால் மருத்துவக் கல்லூரி அதை மெச்சும் என்று சில பெற்றோர் நினைக்கிறார்கள். அப்படியெல்லாம் இல்லை.

இரண்டாவது வகை, இன்ஜினியரிங் மாணவர்களுக்கானது. பல இடங்களில் ஒரே செமஸ்டரில் முடிந்துவிடும். டெக்சாஸ் ஏ அண்ட் எம்-இல் இன்ஜினியரிங் பிள்ளைகளுக்கு 107, மற்ற அறிவியல் பிள்ளைகளுக்கு 119, 120 என்ற இரண்டு செமஸ்டர். பயோமெடிக்கல் இன்ஜினியரிங் எடுத்துவிட்டு மருத்துவத்துக்குப் போக நினைப்பவர்கள் சிக்கிக்கொள்வது இங்கேதான். டிகிரிக்கு ஒரு செமஸ்டர் போதும், மருத்துவக் கல்லூரிக்குப் போதாது. இதை மூன்றாமாண்டில் கண்டுபிடித்து விழிப்பதைவிட முதல் நாளே அட்வைசரிடம் கேட்டுவிடலாம். எம்ஐடி-யிலும் திடப்பொருள் சார்ந்த 3.091 என்று ஒன்று உண்டு. நல்ல கோர்ஸ், ஆனால் உயிரியல் பக்கம் போகிறவருக்கு 5.111-தான் நெருக்கமான பாடம்.

மூன்றாவது, வேகமான வகை அல்லது ஆனர்ஸ். மேடிசனில் உள்ள விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் 103, 104 இரண்டையும் எடுக்கலாம். பள்ளியில் கெமிஸ்ட்ரி பலமாகப் படித்திருந்தால் 109 என்ற ஒரே கோர்ஸில் முடிக்கலாம். கார்னெலில் சாதாரண வரிசை 2070, இன்ஜினியர்களுக்கு 2090, ஆனர்ஸ் 2150.

நான்காவது, அறிவியல் அல்லாத மேஜர்களுக்கும் சில துணை மருத்துவப் படிப்புகளுக்குமான கெமிஸ்ட்ரி. உஷாராக இருக்க வேண்டியது இதில்தான். ‘அன்றாட வாழ்வில் வேதியியல்’ என்ற மாதிரிப் பெயரோ, ‘உடல்நலத் துறைகளுக்கான வேதியியல்’ என்ற மாதிரிப் பெயரோ இருக்கும். ஹெல்த் என்ற சொல்லைப் பார்த்ததும் டாக்டருக்கானது என்று தோன்றும். ஆனால் பெரும்பாலும் இதற்குப் பிறகு ஆர்கானிக் எடுக்க முடியாது. சோதித்துப் பார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ஆர்கானிக் கெமிஸ்ட்ரி கோர்ஸின் விவரப் பக்கத்தில், அதற்கு முன் எதை முடித்திருக்க வேண்டும் என்று போட்டிருப்பார்கள். அந்தப் பட்டியலில் நீங்கள் பார்க்கும் கோர்ஸ் எண் இல்லையென்றால், விட்டுவிடுங்கள்.

இந்த நான்கிலும் அடங்காத இடங்களும் உண்டு. மிச்சிகன் பல்கலைக்கழகம் 1980களின் இறுதியிலிருந்தே நல்ல அடித்தளம் உள்ள பிள்ளைகளை முதலாண்டிலேயே 210 என்ற ஆர்கானிக் கோர்ஸுக்கு அனுப்பிவிடுகிறது; மற்றவர்கள் 130 எடுத்துவிட்டு வருவார்கள். அங்கே முதலாண்டில் ஆர்கானிக் எடுப்பது வீரமில்லை, வழக்கம். வேறு கல்லூரியில் படிக்கும் அத்தை மகன் சொன்னதை வைத்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியவில்லை.

ஏபி கெமிஸ்ட்ரியில் 5 வாங்கியிருக்கிறாள். நேராக ஆர்கானிக் போகலாமே?

அதிகம் வரும் கேள்வி இது. ஏபி என்பது பள்ளியில் படிக்கும்போதே எழுதும் கல்லூரி மட்டத் தேர்வு, அதில் 5-தான் உச்சம். கல்லூரி விடும்; ஆனால் போவது நல்லதா என்பது வேறு.

மூன்று விஷயங்களைப் பாருங்கள். முதலாவது, ஏபி கிரெடிட்டை மருத்துவக் கல்லூரிகள் எப்படிப் பார்க்கின்றன என்பது. சில ஏற்கின்றன. சில ஏற்பதில்லை. பல, ‘ஏபி இருந்தால் சரி, ஆனால் அதற்கு ஈடாக மேல்நிலை கெமிஸ்ட்ரி ஒன்றைக் கல்லூரியில் படித்திருக்க வேண்டும்’ என்கின்றன. எந்தக் கல்லூரி என்ன கேட்கிறது என்பதை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகள் சங்கம் நடத்தும் எம்எஸ்ஏஆர் என்ற தளத்தில் பார்க்கலாம். சொந்த மாநிலத்து மருத்துவக் கல்லூரிகளை முதலில் பாருங்கள், சேர்க்கை வாய்ப்பு பெரும்பாலும் அங்கேதான் அதிகம்.

இரண்டாவது, ஜிபிஏ, அதாவது கிரேடுகளின் சராசரி. மருத்துவக் கல்லூரிகளுக்குப் பொதுவான விண்ணப்ப முறையான ஆம்காஸ், உயிரியல், வேதியியல், இயற்பியல், கணிதம் நான்கையும் சேர்த்து அறிவியல் ஜிபிஏ என்று தனியாகக் கணக்கிடும். ஏபி கிரெடிட்டுக்குக் கிரேடு இல்லை, அதனால் அந்தக் கணக்கில் அது சேராது. நன்றாகத் தெரிந்த பாடத்தில் இரண்டு ஏ வாங்கும் வாய்ப்பைக் கைவிட்டு, முதல் செமஸ்டரிலேயே ஆர்கானிக்கில் பி வாங்குவது நல்ல பேரம் இல்லை.

மூன்றாவது, மறதி. பதினொன்றாம் வகுப்பில் ஏபி எழுதிய பிள்ளை எம்கேட் எழுதும்போது நான்கு வருடம் ஓடியிருக்கும். ஆர்கானிக் படித்தால் பஃபர் கணக்கும் மின்வேதியியலும் தானாக ஞாபகத்தில் நிற்காது.

அப்படியானால் யார் தாண்டலாம்? கெமிஸ்ட்ரி உயிர் என்று இருக்கும் பிள்ளை. கெமிஸ்ட்ரி அல்லது பயோகெமிஸ்ட்ரி மேஜர் எடுத்து, பின்னால் எப்படியும் மேல்நிலை கோர்ஸ்கள் படிக்கப்போகிற பிள்ளை. மிச்சிகன் மாதிரி முதலாண்டு ஆர்கானிக்கே வழக்கமாக உள்ள கல்லூரியில் சேர்ந்த பிள்ளை. மற்றவர்களுக்கு ஒரு பரிசோதனை சொல்வேன்: இரண்டாம் செமஸ்டர் ஜெனரல் கெமிஸ்ட்ரியின் பழைய ஃபைனல் தாள் ஒன்றை எடுத்து, புத்தகம் மூடி, மூன்று மணி நேரம் உட்காரச் சொல்லுங்கள். திணறாமல் எழுதினால் தாண்டட்டும். திணறினால், அந்த 5 பழைய 5.

இன்னொன்று: ஜெனரல் கெமிஸ்ட்ரியை மறுபடி எடுத்தால் ஏபி கிரெடிட் போய்விடும் என்று சில கல்லூரிகளில் விதி உண்டு. போகட்டும். அதில் பெரிய நட்டம் இல்லை.

ஆனர்ஸ் கெமிஸ்ட்ரி எடுத்தால் மருத்துவக் கல்லூரி பெரிதாக நினைக்காதா?

விண்ணப்பத்தை முதலில் சலிப்பது எண்கள். எம்டி படிப்பில் சேர்ந்தவர்களின் சராசரி ஜிபிஏ சமீப ஆண்டுகளில் 3.7-க்கு மேல், எம்கேட் சராசரி 528-க்கு 511-ஐ ஒட்டி இருக்கிறது. ஆனர்ஸில் வாங்கிய பி-க்கு ஆம்காஸில் 3.0-தான், சாதாரண வகுப்பில் வாங்கிய ஏ-க்கு 4.0. ஆனர்ஸ் என்பதற்காக அரைப் புள்ளி சேர்க்கும் பள்ளிக்கூட வழக்கம் இங்கே இல்லை.

ஆனாலும் ஆனர்ஸ் வேண்டாம் என்று சொல்ல மாட்டேன். சில இடங்களில் வகுப்பு சிறியது, பேராசிரியர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார், சிபாரிசுக் கடிதத்துக்கும் ஆராய்ச்சிக்கும் வழி திறக்கும், கிரேடும் தாராளமாக இருக்கும். சில இடங்களில் நேர்மாறு: ஒலிம்பியாட் எழுதி வந்த பிள்ளைகளோடு ஒரே கர்வில், அதாவது வகுப்பில் மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கிரேடு போடும் முறையில், போட்டி போட வேண்டியிருக்கும். எது எப்படி என்பது அந்தக் கல்லூரியில் இரண்டாமாண்டு படிக்கும் பிள்ளைகளுக்குத்தான் தெரியும்.

பள்ளியில் கெமிஸ்ட்ரி சுமார்தான். அறிமுக கோர்ஸ் எடுத்து ஒரு செமஸ்டரை வீணாக்க வேண்டுமா?

பல கல்லூரிகள் முதலில், எந்த மட்டத்து கோர்ஸில் சேர்க்கலாம் என்று பார்க்க ஒரு பிளேஸ்மென்ட் தேர்வு வைக்கும். சில இடங்களில் ஆலெக்ஸ் என்ற இணையத் தேர்வு. இதில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து உதவி செய்வதைப் பல வீடுகளில் கேள்விப்படுகிறேன். தயவுசெய்து வேண்டாம். மட்டம் தெரியாமல் மேல் வகுப்பில் போய் உட்காரப்போவது அந்தப் பிள்ளைதான்.

ஜெனரல் கெமிஸ்ட்ரியில் தடுக்கி விழுகிறவர்களில் பலர் கெமிஸ்ட்ரியில் விழுவதில்லை, கணக்கில் விழுகிறார்கள். அலகு மாற்றம், விகிதம், அடுக்குக்குறி, மடக்கை. பிஎச் என்றாலே மடக்கைதான். இந்த நான்கும் கை வந்தால் பாதிக் கிணறு தாண்டியாகிவிட்டது. கோடையில் ஆறு வாரம் இருக்கிறது என்றால் கான் அகாடமியில் இவற்றை மட்டும் போட்டுப் பழகுங்கள். எம்ஐடி 5.111 வகுப்புகளின் வீடியோவை இலவசமாகவே வெளியிட்டிருக்கிறது. முதல் சிலவற்றைப் பார்த்தால் கல்லூரி வகுப்பின் வேகம் எப்படி இருக்கும் என்று பிடிபடும்.

பிளேஸ்மென்ட்டில் கீழே வந்தால் அறிமுக கோர்ஸை எடுங்கள். ஒரு செமஸ்டர் தள்ளிப்போனாலும், கோடையில் ஒன்றை முடித்து ஈடு கட்டலாம். முதல் கோர்ஸில் சி வாங்கிவிட்டு அதை மூன்று வருடம் சுமப்பதுதான் வீண்.

பிளஸ் டூ தமிழ்நாட்டில் முடித்துவிட்டு இங்கே சேர்ந்திருக்கிறேன். எனக்கு எது சரி?

நம் ஊர் பிளஸ் ஒன், பிளஸ் டூ கெமிஸ்ட்ரியை ஒழுங்காகப் படித்திருந்தால் பாடத்தில் புதிது அதிகம் இருக்காது. மோல், வெப்ப இயக்கவியல், சமநிலை, அயனிச் சமநிலை, மின்வேதியியல் எல்லாம் பார்த்தவைதான். கேட்கிற விதம் வேறு. வரையறையை எழுது, வருவி என்று கேட்க மாட்டார்கள். நான்கு கருத்துகளைச் சேர்த்து ஒரே கணக்காகக் கொடுத்து, ஐம்பது நிமிடத்தில் முடி என்பார்கள். வாராவாரம் இணையத்தில் வீட்டுப்பாடம், லேப் ரிப்போர்ட் வேறு. முதல் செமஸ்டருக்குச் சாதாரண வரிசையே போதும், ஆனர்ஸ் வேண்டாம்.

இதைவிடப் பெரிய விஷயம் விசா. எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களை அமெரிக்க மருத்துவக் கல்லூரிகளில் பெரும்பாலானவை சேர்ப்பதில்லை. மாநில அரசுக் கல்லூரிகள் பெரும்பாலும் கதவையே திறக்காது. சேர்க்கிற சில தனியார் கல்லூரிகளில் போட்டி கடுமை, செலவும் அப்படியே. பெற்றோரின் வேலை விசாவைச் சார்ந்த எச்-4 விசாவில் இங்கேயே வளர்ந்த பிள்ளைகளுக்கும் பல இடங்களில் இதே கதைதான், 21 வயதில் அந்த விசாவும் முடிந்துவிடும். கிரீன் கார்டு வரிசையில் நிற்கும் நம் குடும்பங்கள், எந்த கெமிஸ்ட்ரி என்று யோசிப்பதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். வருத்தமான செய்திதான், ஆனால் நான்காம் வருடத்தில் தெரிவதைவிட இப்போதே தெரிவது மேல்.

பிஎஸ்-எம்டி திட்டத்தில் இடம் கிடைத்துவிட்டது. எங்களுக்கு இந்தக் கவலை இல்லைதானே?

உண்டு. பள்ளி முடிக்கும்போதே மருத்துவ இடத்தையும் சேர்த்துத் தரும் அந்தத் திட்டங்களில் ஜிபிஏ ஒரு கோட்டுக்குக் கீழே போனால் மருத்துவ இடம் போய்விடும். எந்த கெமிஸ்ட்ரி எடுக்க வேண்டும், ஏபி செல்லுமா என்பதைத் திட்டத்தின் கையேடே சொல்லியிருக்கும். அதன்படி நடங்கள்.

கெமிஸ்ட்ரி, பயாலஜி, கால்குலஸ் மூன்றையும் முதல் செமஸ்டரிலேயே எடுக்கலாமா?

எடுத்துச் சமாளிப்பவர்கள் இருக்கிறார்கள். ஆனால் லேப் உள்ள இரண்டு பாடம் என்றால் வாரத்தில் இரண்டு மதியம் போய்விடும், இரண்டு ரிப்போர்ட் எழுத வேண்டும். முதல் முறையாக வீட்டை விட்டு வந்து, துணி துவைப்பதிலிருந்து தூங்கும் நேரம் வரை எல்லாவற்றையும் தானே பார்த்துக்கொள்ளும் பிள்ளைக்கு இது அகலக்கால். என் விருப்பம்: லேபுடன் கெமிஸ்ட்ரி, ஒரு கணிதம், ஒரு எழுத்து கோர்ஸ், மனதுக்குப் பிடித்த ஒன்று. பயாலஜி இரண்டாம் செமஸ்டரில் தொடங்கலாம். அந்த எழுத்து கோர்ஸை அலட்சியம் செய்ய வேண்டாம், பல மருத்துவக் கல்லூரிகள் ஆங்கிலமும் கேட்கின்றன.

லேபைத் தனியாகப் பின்னால் எடுக்கலாமா?

தனி எண் கொண்ட லேப் என்றால் சில கல்லூரிகள் விடும். முடிந்தவரை கூடவே எடுங்கள். வகுப்பில் படித்த டைட்ரேஷன் அந்த வாரமே கையில் நடந்தால் மனதில் நிற்கும்.

வீட் அவுட் கோர்ஸ் என்கிறார்களே, வேண்டுமென்றே பெயில் ஆக்குவார்களா?

களை எடுப்பது போல மாணவர்களை வடிகட்டும் கோர்ஸ் என்ற அர்த்தத்தில் சொல்கிறார்கள். ஆனால் அப்படி உத்தரவு போட்டு யாரும் செய்வதில்லை. பெரிய அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரே அரங்கில் நூற்றுக்கணக்கானோர் உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியருக்கு முகம் தெரியாது. முதல் தேர்வின் சராசரி அறுபதுகளில் வருவது சகஜம். பள்ளி முழுக்க 95-க்குக் குறையாமல் வாங்கிய பிள்ளைக்கு அதுவே இடி.

கர்வ் என்ற சொல்லுக்கும் இரண்டு அர்த்தம் உண்டு. சராசரி குறைந்தால் எல்லோருக்கும் கிரேடை ஏற்றிக் கொடுப்பது ஒன்று. இத்தனை சதவீதம் பேருக்குத்தான் ஏ என்று முன்பே வரையறுப்பது இன்னொன்று. இரண்டாவது வகையில் பக்கத்தில் இருப்பவர் யார் என்பது முக்கியமாகிவிடும். சிலபஸின் முதல் இரண்டு பக்கத்தில் இது எழுதியிருக்கும். படிக்காமல் வகுப்புக்குப் போகாதீர்கள்.

பிழைப்பவர்கள் செய்வது பெரிய ரகசியம் எதுவும் இல்லை. ஆஃபீஸ் ஹவர்ஸுக்குப் போகிறார்கள், பழைய தாள்களை நேரம் வைத்து எழுதுகிறார்கள், மூன்று நான்கு பேராகச் சேர்ந்து கணக்குப் போடுகிறார்கள். நம் பிள்ளைகளில் பலருக்கு ஆஃபீஸ் ஹவர்ஸ் என்றால் கூச்சம். தெரியாதவன்தான் போவான் என்று நினைப்பு. உண்மையில் அங்கே வரிசையில் நிற்பவர்களில் பாதிப் பேர் ஏ வாங்கப்போகிறவர்கள்.

டாக்டருக்கு மோல் கணக்கு எதற்கு? சும்மா வடிகட்டத்தானே?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. ஆஸ்பத்திரியில் ஏற்றும் சாதாரண சலைனை எடுத்துக்கொள்ளுங்கள். 0.9 சதவீதம், அதாவது ஒரு லிட்டரில் 9 கிராம் உப்பு. சோடியம் குளோரைடின் மோலார் நிறை 58.44. வகுத்தால் 0.154 மோல், அதாவது 154 மில்லிமோல். அந்தப் பையில் சோடியம் 154, குளோரைடு 154 என்று அச்சிட்டிருப்பது இந்தக் கணக்குதான். ரத்தத்தில் சோடியம் 140 வாக்கில் இருக்கும். எந்த நோயாளிக்கு எந்தத் திரவம், எவ்வளவு வேகத்தில் என்பது இங்கிருந்து தொடங்குகிறது.

அடுத்தது பஃபர், அதாவது பிஎச் எளிதில் மாறாமல் தாங்கிப் பிடிக்கும் கலவை. ரத்தத்தின் பிஎச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். நிறுத்திவைப்பதில் பெரும் பங்கு பைகார்பனேட்டும் கரியமில வாயுவும் சேர்ந்த பஃபருக்கு. பைகார்பனேட் 24, கரியமில வாயுவின் அழுத்தம் 40 என்று வைத்துக்கொண்டால், 40-ஐ 0.03-ஆல் பெருக்க 1.2 வரும். 24-ஐ 1.2-ஆல் வகுத்தால் 20. அதன் மடக்கை 1.3. அதோடு 6.1-ஐக் கூட்டினால் 7.4. ஜெனரல் கெமிஸ்ட்ரி இரண்டாம் செமஸ்டரில் வரும் ஹென்டர்சன்-ஹாசல்பால்க் சமன்பாடு இதுதான். ஐசியூவில் ரத்த வாயுப் பரிசோதனை முடிவைப் பார்த்து, கோளாறு நுரையீரலிலா சிறுநீரகத்திலா என்று டாக்டர் யோசிக்கும்போது மனதில் ஓடுவதும் இதே சமநிலைதான்.

மின்வேதியியல் அத்தியாயத்தில் வரும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டில் பொட்டாசியத்தின் செறிவுகளைப் போட்டால் சுமார் மைனஸ் 90 மில்லிவோல்ட் கிடைக்கும்; நரம்புச் செல்லின் மின்னழுத்தம் ஏன் அந்தப் பக்கம் இழுக்கிறது என்பதற்கு விடை அது. கார்பன் மோனாக்சைடு ஹீமோகுளோபினோடு ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பிணையும்; அந்த நச்சு ஏறியவருக்கு நிறைய ஆக்சிஜன் கொடுத்து அதை விரட்டுவது சமநிலையில் ஒரு பக்கம் மாற்றினால் அது எதிர்ப்பக்கம் நகரும் என்ற லெ ஷாட்டெலியர் விதியைக் கையாள்வதுதான். எனவே பஃபர், சமநிலை, மின்வேதியியல் மூன்றையும் நிதானமாக நடத்தும் கோர்ஸ் கிடைத்தால் அதையே எடுங்கள். வேக கோர்ஸ்களில் இந்த மூன்றும் சில வாரங்களில் ஓடிவிடும்.

கோடையில், கம்யூனிட்டி காலேஜில் முடித்துவிட்டால் சுலபம்தானே?

செலவு குறைவு, வகுப்பு சிறியது, சில இடங்களில் கற்பித்தலும் அருமை. ஆனால் முன்தேவைப் பாடங்களை நான்கு வருடக் கல்லூரியில் படிப்பதையே விரும்பும் மருத்துவக் கல்லூரிகள் உண்டு. ஒன்றிரண்டு கோர்ஸ் என்றால் பிரச்சினை இல்லை. கடினமான அறிவியலை எல்லாம் வெளியே தள்ளிவிட்டு, சொந்தக் கல்லூரியில் லேசானதை மட்டும் எடுத்தது போலத் தெரிந்தால்தான் கேள்வி வரும். கோடை வகுப்பின் வேகத்தையும் மறக்க வேண்டாம்: பதினைந்து வாரப் பாடம் ஐந்தாறு வாரத்தில்.

பாஸ்-ஃபெயில் முறையில் எடுக்கலாமா?

முன்தேவைப் பாடம் என்றால் வேண்டாம், கிரேடுடன் எடுங்கள். எம்ஐடி, கால்டெக், ஸ்வார்த்மோர் மாதிரி, முதல் செமஸ்டரோ சற்றுக் கூடுதலோ எல்லோருக்குமே கிரேடு இல்லாமல் வைத்திருக்கும் இடங்கள் விதிவிலக்கு. அங்கே அது கல்லூரியின் ஏற்பாடு, மாணவரின் விருப்பமில்லை.

முதல் மிட்டெர்மில் 58. விட்டுவிடலாமா?

முதலில் வகுப்புச் சராசரியைப் பாருங்கள். சராசரி 55 என்றால் 58 மோசமில்லை. சராசரி 78 என்றால் பேச வேண்டும்.

தேதிகளையும் பாருங்கள். முதல் ஓரிரு வாரத்துக்குள் விட்டால் பெரும்பாலும் சுவடே இருக்காது. அதன் பிறகு விட்டால் டிரான்ஸ்கிரிப்டில் (மதிப்பெண் பட்டியலில்) விலகியதைக் குறிக்கும் டபிள்யூ விழும். அது ஜிபிஏ-வைத் தொடாது, ஒன்று இருந்தால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதும் இல்லை. சி வாங்கிவிட்டுத் திரும்பப் படிப்பதோ வேறு கதை: உங்கள் கல்லூரி பழைய கிரேடை அழித்துவிட்டாலும், ஆம்காஸ் இரண்டு முறை வாங்கியதையும் சேர்த்தே கணக்கிடும். அதனால் சி-யை நோக்கித்தான் போகிறோம் என்று உறுதியாகத் தெரிந்தால் டபிள்யூ மேல். பி வரும் போலிருந்தால் விடாதீர்கள், நின்று படியுங்கள். முதலாண்டு பி ஒன்றோடு மருத்துவக் கல்லூரி சேர்ந்தவர்கள் நிறைய.

பெற்றோரான நான் அட்வைசரிடம் நேரடியாகப் பேசலாமா?

பொதுவாகப் பேச மாட்டார்கள். 1974-ஆம் ஆண்டு ஃபெர்ப்பா சட்டப்படி, கல்லூரியில் சேர்ந்த பிறகு படிப்புப் பதிவுகளின் உரிமை பிள்ளைக்குத்தான். அவர்கள் எழுத்தில் அனுமதி கொடுக்காமல் கிரேடைக்கூட உங்களிடம் சொல்லக் கல்லூரிகள் தயங்கும். ஃபீஸ் கட்டுவது நான்தானே என்று சண்டை போட்டுப் பயனில்லை. கேள்விகளை எழுதிப் பிள்ளையிடம் கொடுத்து அனுப்புங்கள்: இந்த கோர்ஸுக்குப் பிறகு ஆர்கானிக் எடுக்க முடியுமா, நம் மாநில மருத்துவக் கல்லூரி இதை ஏற்குமா, கர்வ் எப்படி, போன வருடப் ப்ரீமெட் பிள்ளைகள் எதை எடுத்தார்கள். அட்வைசர்களிலும் இரண்டு வகை. மேஜர் அட்வைசர் டிகிரியைப் பார்ப்பார். ப்ரீ-ஹெல்த் அட்வைசர் மருத்துவக் கல்லூரியைப் பார்ப்பார். இருவரையும் பார்க்கச் சொல்லுங்கள்.

பதிவு நாளில் சரியான கோர்ஸில் இடம் தீர்ந்துவிட்டது. என்ன செய்வது?

வெயிட்லிஸ்டில் பெயர் கொடுத்துவிட்டு, வேறு நேரத்தில் நடக்கும் செக்ஷன்களையும் பாருங்கள். பெரும்பாலும் அடைபடுவது லேப் செக்ஷன்தான். வெள்ளிக்கிழமை மாலை லேபையோ காலை எட்டு மணி லேபையோ ஒப்புக்கொண்டால் இடம் கிடைத்துவிடும். அவசரத்தில் இன்ஜினியரிங் கெமிஸ்ட்ரியிலோ அறிவியல் அல்லாதவர்களுக்கான கெமிஸ்ட்ரியிலோ மட்டும் புகுந்துவிடாதீர்கள். ஒன்றுமே கிடைக்காவிட்டால் இந்த செமஸ்டரில் பயாலஜியும் கணிதமும் எடுத்துவிட்டு, பல பெரிய கல்லூரிகளில் ஜனவரியில் மறுபடி தொடங்கும் முதல் கெமிஸ்ட்ரியில் சேரலாம். மருத்துவக் கல்லூரியில் சேர்கிறவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் இப்போது டிகிரிக்குப் பிறகு ஓராண்டாவது இடைவெளி விட்டே வருகிறார்கள், ஒரு செமஸ்டர் தாமதம் யாரையும் முடக்குவதில்லை. வெயிட்லிஸ்டில் இருப்பவர்கள் முதல் நாள் வகுப்புக்குப் போய் உட்கார்ந்துவிடுங்கள், வீட்டுப்பாடத்தையும் செய்துகொண்டே இருங்கள். இரண்டாவது வாரத்தில் பலர் விலகுவார்கள். அப்போது இடம் கிடைத்தாலும் பாடத்தில் பின்தங்கியிருக்க மாட்டீர்கள்.